நிறமின்மை ஊனமாகுமா?



ஊனம் என்பது எது என்று வரையறுத்துக் கூறும் சட்டம் ஒன்று 2016-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2017 ஏப்ரல் 19-ஆம் நாள் முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் 1995-இல் இயற்றிய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இடம் பெற்றிருந்தன. புதிய சட்டம் அவற்றை 21 வகைகளாக விரித்தது. பார்வையின்மை, குறைபார்வை, செவிப்புலக் குறை, கைகால் இயக்கக் குறை ஆகிய பழையவற்றோடு, குள்ளத் தன்மை, அமில வீச்சுக்கு ஆளானோர், இரத்தம் உறையாமை, அரிவாள் அணு இரத்தச் சோகை முதலியனவும் அந்த அட்டவணையில் ஏறின. அதனை முதலிலிருந்து முடிவு வரை படித்துப் பாருங்கள். அல்பினிசம் என்னும் சொல்லை அதில் எங்கும் காணமாட்டீர்கள்.

அல்பினிசம் என்றதும் உங்களிற் சிலர் விழிக்கக்கூடும். பாற்குடம் போன்ற வெண்ணிற மேனியும், வைக்கோல் நிறத் தலைமயிரும், வெளிறிய புருவமும், வெயிலில் இடுக்கிக்கொள்ளும் கண்களும் உடைய பிள்ளையை ஊரில் ஒருவரையேனும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ‘வெள்ளைக்காரன்’ என்று தெருப்பிள்ளைகள் அவனைக் கூவி அழைப்பார்கள். பெற்றோரும் உடன்பிறந்தோரும் கறுத்த மேனியராய் இருக்க, நடுவே அவன் மட்டும் வெண்மையாய் இருப்பான். அந்த நிலைக்கே அல்பினிசம் என்று பெயர். வெண்மை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது அது. நான் இவ்வுரையில் அதனை நிறமின்மை என்றே சொல்லப் போகிறேன். இந்த நிறமின்மை ஊனமா, அன்றா? இக்கேள்விக்கு விடை காண்பது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஒரு பிள்ளை தேர்வுக்கூடத்தில் மூன்று மணி நேரம் பெறுவானா, நான்கு மணி நேரம் பெறுவானா என்பது இந்த விடையைப் பொறுத்தது. கல்லூரியில் இடமும் உத்தியோகத்தில் ஒதுக்கீடும் அவனுக்கு உண்டா என்பதும் இதனைப் பொறுத்ததே.

குறைகளுக்குப் பட்டியல் இடுவது நமக்குப் புதிதன்று. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் என்னும் புலவர் சோழன் நலங்கிள்ளிக்குச் சொன்ன அறிவுரை புறநானூற்றில் 28-ஆம் பாட்டாக உள்ளது. மானிடப் பிறப்பில் நேரக்கூடிய எட்டு வகை எச்சங்களை அவர் அங்கே எண்ணுகிறார். குருடும், உருவமைதியற்ற பிண்டமும், கூனும், குறளும், ஊமையும், செவிடும், விலங்கின் வடிவும், அறிவு மயக்கமும் என அவை எட்டு. புலவருக்கு எட்டு, 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு ஏழு, இன்றைய சட்டத்திற்கு இருபத்தொன்று. எந்தக் காலத்துப் பட்டியலிலும் நிறமின்மை இல்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் 2 கோடியே 68 லட்சம் பேர் ஏதேனும் ஒரு குறைபாடு உடையவர்களாக எழுதப்பட்டனர். அக்கணக்கிலும் நிறமின்மைக்கெனத் தனிக் கட்டம் கிடையாது. எண்ணாத ஒன்றை அரசினர் எவ்வாறு அறிவர்?

முதலில் அதன் இயல்பைத் தெரிந்துகொள்வோம். நம் தோலுக்கும் மயிருக்கும் கண்ணின் கருவிழித் திரைக்கும் நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. உடலில் டைரோசின் என்ற பொருளைக் கொண்டு, டைரோசினேஸ் என்னும் நொதியின் துணையால் அது ஆக்கப்படுகிறது. அந்த நொதியை ஆக்கும் மரபணுவிலோ, நிறமி ஆக்கத்திற்கு வேண்டிய வேறு மரபணுக்களிலோ பிழை நேருமாயின் நிறமி உண்டாகாது, அல்லது மிகக் குறைவாக உண்டாகும். 1908-இல் ஆர்ச்சிபால்டு கேரட் என்ற ஆங்கில மருத்துவர், பிறவியிலேயே உடலின் இரசாயன வினைகளில் நேரும் பிழைகளைப் பற்றி இலண்டனில் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவர் எடுத்துக்காட்டிய நான்கு குறைகளில் நிறமின்மையும் ஒன்று. அன்றிலிருந்தே அது தொற்றுநோய் அன்று, தெய்வக் குற்றமும் அன்று என்பது விஞ்ஞானிகளுக்கு ஐயமறத் தெரியும். நம் ஊர்த் திண்ணைகளுக்கு அச்செய்தி இன்னும் வந்து சேரவில்லை. கிரகணத்தின்போது கருவுற்ற தாய் வெளியே வந்தாள் என்றும், குங்குமப்பூவை மிகுதியாகக் குடித்துவிட்டாள் என்றும் இன்றும் சொல்லக் கேட்கிறோம். குங்குமப்பூவால் நிறம் மாறுமாயின் கடைக்காரர் பிள்ளைகள் எல்லோரும் சிவந்தல்லவா இருக்க வேண்டும்!

இன்னொன்றையும் இங்கே தெளிவுபடுத்தி விடுகிறேன். பிறந்து வளர்ந்தபின் தோலில் ஆங்காங்கே தோன்றிப் பரவும் வெண்புள்ளி வேறு. பிறவியிலேயே உடல் முழுதும் நிறம் இன்றி இருக்கும் இந்நிலை வேறு. முன்னதில் கண்பார்வை பெரும்பாலும் பழுதுபடுவதில்லை. பின்னதிலோ கண்தான் முதலில் பாதிக்கப்படுவது.

ஆம், கண்தான். நிறமின்மையைத் தோலின் குறையாகவே எல்லோரும் நினைக்கிறார்கள். நம் கேள்விக்குரிய விடை தோலில் இல்லை, கண்ணுக்குள் இருக்கிறது. கரு வளருங்கால் கண்ணின் உட்புறம் செம்மையாக அமைவதற்கு மெலனின் வேண்டும். அது இல்லாவிடில், விழித்திரையின் நடுவே நுண்ணிய பார்வைக்கென அமைந்த சிறு குழி முற்றாக உருப்பெறுவதில்லை. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு இழைகளிலும் தடம் மாறுதல் உண்டு. வழக்கத்தைவிட மிகுதியான இழைகள் எதிர்ப்பக்கத்து மூளைக்குக் கடந்து சென்றுவிடுகின்றன. இதனால் இரு கண்ணையும் ஒன்றுசேர்த்து ஆழத்தை அளந்து பார்க்கும் திறன் குன்றுகிறது. விழிகள் ஒரு நிலையில் நில்லாமல் ஊசலாடும். மாறுகண்ணும் சிலரிடம் காணப்படும். கருவிழித் திரையில் நிறமி இன்மையால் ஒளி தடையின்றி உள்ளே புகுந்து கூசச் செய்யும். வண்டலூர் விலங்குக் காட்சிசாலையில் வெள்ளைப் புலியைப் பார்த்திருப்பீர்கள். உடலில் கோடுகள் இருப்பதால் அது முழு நிறமின்மை உடைய விலங்கு அன்று. எனினும் அதற்கும் கண் நரம்புகள் தடம் மாறிச் செல்கின்றன என்றும், அப்புலிகளிற் சில மாறுகண் உடையன என்றும் ஆராய்ந்தோர் கண்டிருக்கின்றனர்.

கண்ணாடி போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வை போன்ற கோளாறு உடன் இருந்தால் அந்த அளவுக்குக் கண்ணாடி உதவும். கூச்சத்தைக் குறைக்க வண்ணக் கண்ணாடி உதவும். ஆனால், உருப்பெறாத விழித்திரைக் குழியை எந்தக் கண்ணாடியும் உருவாக்கித் தராது. புகைப்படக் கருவியில் படச்சுருள் பழுதாயிருக்க, முன்னுள்ள வில்லையைத் துடைத்துப் பயன் என்ன?

இங்கே என் பள்ளிக்கூட அனுபவம் ஒன்றைச் சொல்லுதல் பொருத்தமாகும். கடத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து நிறமின்மை உடைய மாணவன் ஒருவன் ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தான். முன்பு படித்த பள்ளியிலிருந்து அவனோடு ஒரு பட்டமும் வந்து சேர்ந்தது: நடிக்கிறவன் என்று. கரும்பலகையைப் படி என்றால் தெரியவில்லை என்கிறான். ஆனால், பாடப்புத்தகத்தின் அடியில் உள்ள பொடி எழுத்தைக்கூடப் படித்துவிடுகிறான். ஆகவே இது நடிப்புத்தான் என்பது அங்கிருந்தோரின் வாதம். கேட்பதற்கு வாதம் நேராகத்தான் தோன்றும். அவன் புத்தகத்தை எங்கே வைத்துப் படிக்கிறான் என்பதை மட்டும் ஒருவரும் கவனிக்கவில்லை. மூக்கு நுனி தாளில் உராயும்படி வைத்துப் படித்தான். பொருள் கண்ணை நெருங்க நெருங்கப் பெரிதாகத் தெரியும் என்பது பௌதிகம். கரும்பலகையை அப்படி நெருங்க முடியாது அல்லவா?

நான் கரும்பலகையில் சில எழுத்துக்களை எழுதி, வகுப்பு மாணவரை வெளி நடைபாதையின் கோடி வரை பின்னேறச் சொன்னேன். இருபது தப்படி தொலைவில் நின்று அவர்கள் படித்தார்கள். அவனைப் பலகையை நோக்கி நடக்கச் சொன்னேன். நடந்துகொண்டே வந்தவன், பலகைக்கு இரண்டு தப்படி இருக்கும்போது நின்று, எழுத்துக்களைப் பிழையின்றிச் சொன்னான். வகுப்பில் அதன் பிறகு ஒரு சிரிப்பும் இல்லை. இருபதுக்கு இரண்டு. ஏறக்குறைய இதனையே கண் மருத்துவர் 6/60 என்று எழுதுகிறார். ஹெர்மன் ஸ்நெல்லன் என்ற டச்சு நாட்டு மருத்துவர் 1862-இல் வகுத்த எழுத்துப் பலகையைக் கொண்டு கணக்கிடும் முறை அது. இயல்பான கண் 60 மீட்டரில் காண்பதை இந்தக் கண் 6 மீட்டரில்தான் காணும் என்பது அதன் பொருள். நிறமின்மை உடையவரிற் பலருக்கு, கண்ணாடி அணிந்த பிறகும், பார்வை 6/18-க்கும் 6/120-க்கும் இடையே எங்கேனும் நிற்கும்.

இப்பொழுது சட்டத்திற்குத் திரும்புவோம். நிறமின்மை என்ற பெயர் அட்டவணையில் இல்லை என்றேன். ஆனால், குறைபார்வை என்ற பெயர் இருக்கிறது. நல்ல கண்ணில், இயன்ற திருத்தமெல்லாம் செய்த பின்னும், பார்வை 6/18-க்கு மேற்படாமல் 3/60 வரை இருந்தால் அது குறைபார்வை. 3/60-க்கும் கீழே சென்றால் அது பார்வையின்மை. எனவே, நோயின் பெயர் முன்வாசலில் நிறுத்தப்பட்டாலும், அந்நோயின் விளைவு பக்கவாசல் வழியே உள்ளே செல்கிறது. மருத்துவர் எழுதும் சான்றிதழில் ஊனத்தின் வகை குறைபார்வை என்றிருக்கும். நிறமின்மை அதன் காரணமாகக் குறிக்கப்படும்.

அந்த மாணவனின் தந்தை இது தெரியாமல் ஒரு மருத்துவ முகாமுக்குச் சென்று, வெகுநேரம் வரிசையில் நின்று, ‘இந்த வியாதி பட்டியலில் இல்லை’ என்ற பதிலைக் கேட்டுத் திரும்பி வந்தார். வியாதியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அப்பதில்தான் வரும். கண்ணை அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டாம் முறை அவர் அவ்வாறே கேட்டார். இரு கண்களிலும் திருத்திய பார்வை 6/24 முதல் 6/60 வரையில் இருந்தால் 40 விழுக்காடு என்பது அரசின் அளவு விதி. அவனுக்கு 40 விழுக்காடு கிடைத்தது.

நாற்பது என்ற அந்த எண்ணை உற்று நோக்குங்கள். 40 விழுக்காடும் அதற்கு மேலும் உடையவரைச் சட்டம் அளவுக்குறி எட்டிய ஊனமுடையோர் என்று தனியே பிரிக்கிறது. ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி, உயர்கல்வி நிலையங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்கள், அரசு உத்தியோகங்களில் 4 விழுக்காடு ஆகியவை எல்லாம் இவர்களுக்கே. இதற்குக் கீழே உள்ளவர் கதி என்ன? பார்வை 6/18 உடைய நிறமின்மைக்காரர் ஒருவர் கரும்பலகை தெரியாமல் இடர்ப்படுவார். நண்பகல் வெயிலில் கண்ணைத் திறக்கமாட்டார். ஊரார் வாயிலும் விழுவார். அளவு நாடாவோ அவருக்குச் சுழியம் காட்டும். ஒளிக்கூச்சத்திற்கு அதில் மதிப்பெண் இல்லை. கண்ணின் ஊசலாட்டத்திற்கும் இல்லை. வெயிலில் வெந்து புண்ணாகும் தோலுக்கும் இல்லை.

ஆயினும் சட்டம் அத்தோடு நின்றுவிடவில்லை என்பதை மாணவர்களாகிய நீங்கள் நன்றாகப் பற்றிக்கொள்ள வேண்டும். நாற்பது என்னும் கோட்டிற்கு முன்பே சட்டம் ஊனமுடையோர் யார் என்று பொதுவாக வரையறுக்கிறது. உடல், உள்ளம், அறிவு, புலன் ஆகியவற்றில் நீண்டகாலக் குறை உடையவராய், அக்குறை சூழலில் உள்ள தடைகளோடு மோதும்போது பிறரோடு சமமாகச் சமுதாயத்திற் பங்கு பெறுதற்கு இயலாமற் போகிறவர் என்பது அதன் கருத்து. இவ்வரையறையில் அட்டவணையும் இல்லை, விழுக்காடும் இல்லை. உடற்குறை பாதி, சூழலின் தடை பாதி, இரண்டும் கூடியதே ஊனம் என்பது இதன் உட்பொருள். 2006-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்டு, 2007-இல் இந்தியாவும் உறுதி செய்த உடன்படிக்கையிலிருந்து வந்த கருத்து இது. முன்வரிசையில் அமர்த்தி, எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதும் ஆசிரியர் வாய்த்தால், அதே பையனின் ஊனம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அவன் கண்ணில் யாதொரு மாற்றமும் நேரவில்லை; தடைதான் நீங்கிற்று.

2021 பிப்ரவரி 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. குடிமைப் பணித் தேர்வு எழுத வந்த ஒருவருக்கு எழுதுங்கால் கை இழுத்துக்கொள்ளும் கோளாறு இருந்தது. சொல்வதை எழுதுபவர் ஒருவரை அவர் வேண்டினார். நாற்பது விழுக்காடு இல்லை என்று மறுத்துவிட்டார்கள். நீதிபதி டி. ஒய். சந்திரசூட் எழுதிய அத்தீர்ப்பு, அளவுக்குறி என்பது இடஒதுக்கீட்டுக்கே உரியது. எழுதுபவரைத் தருதல் போன்ற நியாயமான வசதிகளை அது இல்லை என்று காட்டி மறுத்தல் கூடாது என்று கூறியது. வழக்கு கையைப் பற்றியதாயினும், அதன் நியாயம் கண்ணுக்கும் பொருந்துமன்றோ? 6/18 பார்வையுடைய நிறமின்மைக்காரர் கையில் ஏந்திச் செல்லக்கூடிய தீர்ப்பு இது.

அட்டவணையில் பெயரையே சேர்த்துவிட்டால் என்ன என்ற கேள்வி எழுகிறது. அதற்கும் வழி உண்டு. மத்திய அரசு அறிவிக்கும் பிற வகைகள் என்று ஒரு வரி அட்டவணையின் இறுதியில் திறந்தே வைக்கப்பட்டிருக்கிறது. அமில வீச்சுக்கு ஆளானோரும், தொழுநோயினின்று குணமானோரும், குள்ளமானவரும் அதில் இடம்பெற்றிருக்க, தோற்றத்தினாலும் மக்கள் தடையை எதிர்கொள்கின்றனர் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டாயிற்று. அவ்வாறாயின், தோற்றம், கண், தோல் என்னும் மூன்றாலும் இடர்ப்படுகிறவரை வெளியே நிறுத்துதல் எவ்வாறு பொருந்தும்? பெயர் ஏற வேண்டும் என்பதே என் கருத்து. கென்ய நாட்டில் 2019-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் நிறமின்மை உடையோரைத் தனியே எண்ணினார்கள். எண்ணியதோடன்றி, வெயிலைத் தடுக்கும் களிம்பை அரசுச் செலவில் வழங்கியும் வருகிறார்கள்.

களிம்பு என்றதும் அழகுப்பொருள் என்று எண்ணிவிட வேண்டாம். மெலனின் நம் தோலுக்கு இயற்கை விரித்த குடை. அந்தக் குடை இல்லாத தோலில் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் நேரே புகுந்து கொப்புளமும், புண்ணும், நாளடைவில் புற்றுநோயும் உண்டாக்கும். வெயில் தருமபுரி மாவட்டத்தாருக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டிய பொருள் அன்று. கேழ்வரகும் நிலக்கடலையும் மரவள்ளியும் பயிராகும் மேட்டு நிலங்களில் நிழல் என்பது வரப்போரத்து ஒற்றை மரம்தான். வெற்றிலைக் கொடிக்காலில் மட்டும் அகத்தி நிழல் உண்டு. நிறமின்மை உடைய ஒருவன் கூலிக்குச் செல்ல வேண்டுமானால் கொடிக்கால் கிடைக்கிறதா, கடலைக்காடு கிடைக்கிறதா என்பது அவன் ஆயுளைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. படித்து, கூரையின் கீழே செய்யும் உத்தியோகம் பெறுவது மற்றவர்க்கு முன்னேற்றம், இவர்களுக்கு உயிர்க்காப்பு. தேர்வில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது இப்பொழுது உங்களுக்கு விளங்கும்.

பரம்பரையைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். பெரும்பாலான நிறமின்மை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு ஒவ்வொன்று வந்து சேரும்போதே வெளிப்படும். ஒரே ஒரு பழுதுற்ற மரபணு உடையவர் வழக்கமான நிறத்தோடுதான் இருப்பார். தம்மிடம் அது இருப்பதையே அறியார். அத்தகைய இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நிறமின்மை நேர்வதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நான்கு பிள்ளைகளில் ஒன்றுக்கு என்று இதனைத் தவறாகப் பொருள் கொள்கின்றனர். நாணயத்தைச் சுண்டும்போது முன்பு பூ விழுந்தது என்பதற்காக அடுத்தது தலை விழ வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு பேறும் புதிய சுண்டலே. உறவுக்குள் மணம் செய்தால், ஒரே பாட்டனார் வழிவந்த மரபணு இருவரிடமும் இருக்க வாய்ப்பு மிகுதி. மாமன் மகளும் அத்தை மகனும் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாக உடையவர்கள்; தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கு. நம் பகுதியில் சொத்து வெளியே போகக் கூடாது என்று இம்மணங்கள் நடக்கின்றன. மரபணுவும் வெளியே போவதில்லை.

இதில் தாயை மட்டும் குற்றவாளியாக நிறுத்துவது எவ்வளவு பெரிய அநீதி! பிழை இருபுறமும் சமமாக வந்தது. 1952-இல் ட்ரெவர்-ரோப்பர் என்ற ஆங்கிலக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். தாயும் தந்தையும் இருவருமே நிறமின்மை உடையவர்கள். பிள்ளைகளோ வழக்கமான நிறத்தினர். இருவரின் பிழையும் வெவ்வேறு மரபணுவில் இருந்ததால், ஒருவரிடம் இல்லாததை மற்றவர் நிறைவு செய்துவிட்டார். திருமணப் பேச்சில் நம்மவர் போடும் கணக்கு எத்துணை தவறாகப் போகக்கூடும் என்பதற்கு இது போதும்.

திருமணம் என்றவுடன், அந்த மாணவனின் தந்தையை மீண்டும் நினைக்கிறேன். சான்றிதழ் வந்த பின்னும் அதனைப் பள்ளியில் கொடுக்க அவர் தயங்கினார். ‘ஐயா, இவனுக்குக் கீழே ஒரு பெண் இருக்கிறாள். வீட்டில் ஊனமுற்றவன் என்று அட்டை இருக்கிறது என்றால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?’ என்றார். இதனை அறியாமை என்று தள்ளிவிடுதல் எளிது. நான் அவ்வாறு தள்ளமாட்டேன். அட்டையால் மகனுக்கு வரும் நன்மையையும், மகளுக்கு வரக்கூடிய தீமையையும் ஒரு தந்தை தராசில் வைத்துப் பார்க்கிறார். தராசை அவர் கையில் கொடுத்தது நாம்தான். ‘மகன் நிறத்தை ஊரே பார்க்கிறது, அதனை அட்டை புதிதாகச் சொல்லப் போவதில்லை. அட்டை சொல்வது கண்ணைப் பற்றி மட்டும்’ என்று நான் கூறினேன். மூன்று நாள் கழித்து அவரே கொண்டு வந்து கொடுத்தார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அவனுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. ஒரு மொழிப்பாடத்திற்கு விலக்குப் பெறலாம் என்று சொன்னபோது மட்டும், அது வேண்டாம் என்று மறுத்து, தமிழும் ஆங்கிலமும் இரண்டையும் எழுதினான்.

மறுக்கும் உரிமையும் அவனுக்கு உண்டு என்பதை நாம் மறத்தலாகாது. தம்மை ஊனமுடையோர் என்று அழைப்பதை விரும்பாத நிறமின்மைக்காரர் உலகெங்கும் உள்ளனர். அறிவில் அவர்களுக்கு யாதொரு குறையும் இல்லை. ஆக்ஸ்போர்டில் நியூ காலேஜ் என்னும் கல்லூரிக்கு 1903 முதல் 1924 வரை தலைவராய் இருந்த வில்லியம் ஸ்பூனர் நிறமின்மை உடையவர், பார்வை மங்கியவர். சொற்களின் முதலெழுத்துக்கள் இடம் மாறி வாயில் வருவதற்கு ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயர்தான் வழங்குகிறது. மாலி நாட்டின் புகழ்பெற்ற பாடகர் சலிஃப் கெய்ட்டா இளமையில் ஆசிரியராக விரும்பினார். கண் குறுக்கே நின்றது. இசை உலகம் ஆதாயம் அடைந்தது உண்மை. அதற்காக ஒரு வகுப்பறை நல்லாசிரியர் ஒருவரை இழந்ததை நான் பெருமையாகச் சொல்லமாட்டேன்.

ஊனம் என்ற பெயரை ஒரு குடையைப்போலக் கொள்ளலாம் என்பது என் எண்ணம். வெயிலிலும் மழையிலும் விரித்துக்கொள்ளலாம். நிழலில் மடக்கி வைத்துக்கொள்ளலாம். பிடிப்பவர் கை அதனை முடிவு செய்யட்டும். விரிக்க வேண்டிய நேரத்தில் குடையே இல்லை என்று ஆக்கிவிடுவதுதான் குற்றம்.

ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியில் வெயிலைவிடக் கொடியது ஒன்று உண்டு. உலகில் ஏறத்தாழ 17,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர் நிறமின்மையோடு பிறக்கிறார் என்றால், டான்சானியாவில் சுமார் 1,400 பேருக்கு ஒருவர். அவர்கள் உடலுறுப்புக்கள் செல்வம் தரும் என்ற மூடநம்பிக்கையால், அங்கே அவர்களை வெட்டிக் கொன்றும் அங்கம் குறைத்தும் வந்த கொடுமைகள் 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகத்தின் கவனத்திற்கு வந்தன. 2008-இல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர், நிறமின்மை உடைய அல்-ஷைமா க்வேகிர் என்ற பெண்மணியை நாடாளுமன்ற உறுப்பினராக நியமித்தார். 2017-இல், கை வெட்டப்பட்ட ஒருவரின் முறையீட்டை ஐக்கிய நாடுகளின் ஊனமுற்றோர் உரிமைக் குழு விசாரித்து, உடன்படிக்கையின் பாதுகாப்பு அவருக்கு உண்டு என்று ஏற்று, அந்நாடு அதனை மீறியது என்று கூறிற்று. நிறமின்மை ஊனமாகுமா என்ற நம் கேள்விக்கு உலக மன்றத்தில் கிடைத்த விடை அது. ஜூன் 13-ஆம் நாளை நிறமின்மை விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2014 டிசம்பரில் அறிவித்தது.

உங்கள் வகுப்பில் அப்படி ஒருவர் இருந்தால், செய்யத்தக்கன மிகச் சிலவே. பலகையில் எழுதியதைப் பக்கத்தில் இருப்பவர் மெல்லப் படித்துக் காட்டலாம். குறிப்பேட்டை இரவல் தரலாம். சன்னலுக்கு எதிரே அமரச் சொல்லாமல், சன்னலுக்கு முதுகு காட்டி அமரச் செய்யலாம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவரை நிழலில் நிறுத்துமாறு ஆசிரியரிடம் நீங்களே சொல்லலாம். பந்து விளையாட்டில் பந்து தெரியவில்லை என்றால் அது கோழைத்தனம் அன்று. விளையாட்டு நேரத்தை மாலையின் கடைசிப் பாடவேளைக்கு மாற்றித் தரத் தலைமையாசிரியருக்கு அதிகாரம் உண்டு; கேட்டால் தருவார்கள். விரிந்த விளிம்புத் தொப்பியும், முழுக்கைச் சட்டையும் சீருடை விதிக்குப் புறம்பு என்று யாரேனும் சொன்னால், மருத்துவர் எழுதித் தரும் ஒரு வரி போதும்.

தேர்வு எழுதப்போகிறவர்கள் சான்றிதழ் வேலையைத் தேர்வு நெருங்கும் வரை தள்ளிப் போடுதல் கூடாது. சிறு பிள்ளைகளுக்கு வளர வளரப் பார்வை ஓரளவு சீர்படுவதுண்டு. ஆதலின் அவர்களுக்குக் காலவரையறை இட்டே சான்றிதழ் தருவது வழக்கம். ஐந்தாம் வகுப்பில் பெற்ற சான்றிதழ் பத்தாம் வகுப்பில் காலாவதி ஆகியிருக்கக்கூடும். ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலேயே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குச் சென்று, கண்ணை மறுபடி அளக்கச் செய்து, சான்றிதழில் உள்ள பெயரும் பிறந்த நாளும் பள்ளிப் பதிவேட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான விண்ணப்பங்கள் திரும்பி வருவது முதலெழுத்துப் பிழையால்தான்.